முகத்துவாரம் அடைபடும்போது: பழவேற்காடும் வன்முறையின் விலையும்



மறைந்த நம் தோழரின் நினைவாக மன்றம் நடத்தும் இந்தச் சொற்பொழிவுக்கு இம்முறை தீவிரவாதத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஆயுதம் ஏந்திய இயக்கம் எதுவும் தலையெடுக்காத பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களை வைத்து இதைப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். தீவிரவாதத்துக்குக் காரணம் என்று பாடநூல்கள் அடுக்கும் வறுமை, நிலமின்மை, இடப்பெயர்வு, சாதி ஒதுக்கல் எல்லாமே இந்த ஏரிக்கரையில் உண்டு. ஆனாலும் இங்கே துப்பாக்கி முளைக்கவில்லை. வேறெங்கோ வெடித்த துப்பாக்கிக்கான விலையை மட்டும் இந்த மக்கள் கட்டியிருக்கிறார்கள், இன்னும் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

ஏரிக்கு உயிர் எது என்று பழவேற்காட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டால், முகத்துவாரம் என்பார். கடலும் ஏரியும் கலக்கும் அந்த வாய் திறந்திருந்தால் கடல்நீர் ஏறி இறங்கும், இறால் குஞ்சு உள்ளே வந்து வளரும், மடவையும் நண்டும் பெருகும். மணல் சேர்ந்து வாய் மூடிக்கொண்டால் கோடையில் ஏரி வற்றி உப்புக் கூடும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வெளியேற வழியில்லாமல் கரையோரக் குடிசைக்குள் புகும். வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்பவருக்கு ஏரியைத் தெரியாது. வாய் ஏன் அடைந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வன்முறையையும் நாங்கள் இப்படித்தான் அணுகுகிறோம். நியாயம் கேட்கிற வாசல் எங்கே அடைபட்டது, அடைத்தவர் யார், அடைபட்டபின் யார் வீட்டில் வெள்ளம் புகுந்தது என்பவையே நம் கேள்விகள்.

கோட்டையும் கப்பலும்

இந்தக் கரைக்கு வன்முறை புதிதன்று. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி இன்று ஆந்திரத்திலும், தெற்குப் பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடமாக 1690 வரை பழவேற்காடுதான் இருந்தது. கோட்டைக்குள் வெடிமருந்து தயாரித்தார்கள். இங்கிருந்து துணி போனது, கூடவே மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் பசிக்குத் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஏழைகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள்.

டச்சுக் கல்லறையின் வேலைப்பாடுகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. விற்கப்பட்டவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடப்பவர் நிலமும் படகும் இல்லாதவரே. அந்த வன்முறையை வரலாறு ‘வணிகம்’ என்று எழுதி வைத்திருக்கிறது. உரிமம் பெற்றவன் செய்தால் வணிகம், உரிமம் இல்லாதவன் செய்தால் பயங்கரம். இந்த அகராதியை அப்படியே ஏற்றுக்கொண்டு தீவிரவாதத்தைப் பற்றிப் பேச நாம் தயாரில்லை. அதற்காக, உரிமம் இல்லாதவன் செய்கிற கொலையை நியாயம் என்றும் சொல்லப்போவதில்லை.

பாடு: நீதியும் வேலியும்

ஏரிக்குள் வருவோம். ‘பாடு’ என்ற சொல் இந்த ஏரியில் ஒரு சட்டத்தின் பெயர். நல்ல மீன்பாடுள்ள இடங்களை ஆளுக்கொன்றாகச் சொந்தமாக்காமல், குலுக்கல் போட்டு, முறை வைத்து, எல்லாருக்கும் நல்ல இடமும் சுமாரான இடமும் மாறி மாறி வரும்படி பங்கிடுவதே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதா குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் இது தலைமுறைகளாக நடக்கிறது. ‘தலைக்கட்டு’ என்பதுதான் பங்குக்கு அலகு. கொச்சியிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதே பெயரில், இதே மாதிரியான ஏற்பாடு உண்டு. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள எளிய மக்கள் தாமே கண்டுபிடித்த வழி என்று ஆய்வாளர்கள் பாடு முறையைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சி பொய்யில்லை. வலைக்கு வலை மோதாமல், பணக்காரன் நல்ல இடத்தை வளைத்துப் போடாமல் காத்ததில் பாடு முறைக்குப் பங்குண்டு. குறை கேட்க ஒரு பஞ்சாயத்து இருந்தது, அது சொன்னதை எல்லாரும் கேட்டார்கள்.

ஆனால் அந்த ‘எல்லாரும்’ யார்? அந்த ஊரில், அந்தச் சாதியில் பிறந்த ஆண்கள். ஏரியை நம்பி அதே கரையில் வாழும் ஆதிதிராவிடர் குடும்பங்களுக்குக் குலுக்கலில் சீட்டு இல்லை. இருளருக்கும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்ணை மீனவர் என்று அழைக்கக் கரையில் யாருக்கும் வாய் வந்ததில்லை. அவர் பிடிப்பதும் ஏரி இறால்தான், விற்கும் சந்தையும் அதே சந்தைதான். ஆனால் அவர் நிற்கும் தண்ணீர் அவருடையதில்லை. பிறர் விட்டுக்கொடுத்தால் நிற்கலாம், விரட்டினால் ஏற வேண்டும்.

இறால் ஏற்றுமதி வளர்ந்து விலை ஏறிய பிறகு இந்த ஏற்பாடு திணறத் தொடங்கியது. கூலிக்கும் சில்லறை மீன்பிடிப்புக்கும் இருந்த மற்றச் சாதியினரும் வலை வாங்கி ஏரியில் இறங்கினார்கள். பாடு உள்ளவர், பாடு இல்லாதவர் என்று ஏரி இரண்டானது. தமிழ்நாட்டுப் படகுக்கும் ஆந்திரப் படகுக்கும் தண்ணீர்மேல் எல்லைச் சண்டை தனியாக நடந்தது. வலையை அறுப்பதும் படகைப் பிடித்து வைப்பதும் கைகலப்பும் செய்தியாயின.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பட்டினவர் கீழத்தஞ்சை மிராசுதார்களைப் போன்றவர்கள் இல்லை. அவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள், கடலில் செத்துப்போகிறவர்கள், அலுவலகங்களில் காக்க வைக்கப்படுகிறவர்கள். எளியவருக்குக் கிடைத்த ஒரு சிறு நீதிகூடச் சாதி வேலிக்குள்தான் கிடைத்தது என்பதே நம் வருத்தம். வேலிக்கு வெளியே நின்றவருக்கு அந்த நீதியே அநீதியாக இருந்தது.

வெளியிலிருந்து வந்த வேலிகள்

ஏரிக்குள் இருந்த வேலி ஒன்று. வெளியிலிருந்து வந்தவை பல. ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் நீண்ட மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஒரு காலத்தில் சென்னை நகரத்து அடுப்புகளுக்கு அங்கிருந்துதான் பக்கிங்காம் கால்வாய் வழியே விறகு வந்தது. தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த ஏனாதி மக்களின் வீடு அது. 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்தத் தீவு தேர்வானது, 1971 அக்டோபரில் முதல் சோதனை ராக்கெட் பறந்தது. தீவின் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. நாடு அண்ணாந்து பார்த்த அந்த நாளில், தீவைவிட்டு வந்தவர்கள் கீழே பார்த்தபடி குடிசைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்றும் ஏவுதல் நாட்களில் அந்தக் கடல் பகுதிக்குப் போகக் கூடாது என்று மீனவருக்கு அறிவிப்பு வருகிறது. போகாத நாளின் கூலி அவரவர் தலையில்.

தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது, குப்பம் ஒன்று இடம் மாறியது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கலந்தன. ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் முளைத்தன. கரை எங்கே அரிக்கும், முகத்துவாரம் எங்கே மூடும் என்பதுகூட இப்போது மீனவர் கையில் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வேறு எங்காவது ஒரு வனப்பகுதியில் இத்தனையும் நடந்திருந்தால், அங்கே ஏன் ஆயுதம் எழுந்தது என்று விளக்க இதுவே போதும் என்பார்கள். அப்படியானால் வறுமையும் இடப்பெயர்வும் தாமாக ஆயுதத்தைக் கொண்டு வருவதில்லை. இடையில் இன்னொன்று நடக்க வேண்டும். அது என்ன என்பதை அறிய ஏரியைவிட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கிறது.

இரண்டு தீர்ப்புகள்

இதே ஆந்திரக் கரையோரமாக வடக்கே போனால் ஸ்ரீகாகுளம். அங்கே மலைவாழ் மக்கள் நிலத்துக்காகவும் கூலிக்காகவும் சங்கம் வைத்துப் பல ஆண்டுகள் வெளிப்படையாகப் போராடினார்கள். 1967 அக்டோபர் 31 அன்று லெவிடி கிராமத்தில் மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆதிவாசிகள் இருவர் நிலக்கிழார் தரப்பினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 1968 இறுதியில் அங்கே ஆயுதப் போராட்டம் தொடங்கியது.

தெற்கே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த சேரியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதியும் செல்வாக்கும் உள்ள மிராசுதார்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற வகையில் போன அந்த நியாயம் இன்றும் நம் காதில் எரிகிறது. வழக்கில் முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த கோபாலகிருஷ்ண நாயுடு 1980-இல் கொல்லப்பட்டார்.

இரண்டு ஊர்களிலும் வரிசை ஒன்றே. முதலில் வறுமை. அடுத்து அமைதியான சங்கம். பிறகு சங்கத்தின்மேல் கொலைத் தாக்குதல். கடைசியாக, கொன்றவரை விடுவிக்கும் தீர்ப்பு. ஆயுதம் இந்தக் கடைசிப் படிக்குப் பிறகுதான் வருகிறது. பசித்தவர் உடனே துப்பாக்கி தேடுவதில்லை, முதலில் மனு எழுதுகிறார். மனு போன இடத்திலிருந்து அவமானம் திரும்பி வந்தால், மனு எழுதச் சொன்னவர்மேல் நம்பிக்கை போகிறது, ஆயுதம் தருகிறேன் என்றவர்மேல் நம்பிக்கை வருகிறது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர் இரண்டையும் சேர்த்தே எச்சரித்தார். அரசியலமைப்பு வழி திறந்திருக்கும்போது வன்முறை வழியைக் கைவிட வேண்டும் என்றார். சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வை நீக்காவிட்டால் அதனால் துன்பப்படுகிறவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்ப்பார்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் ஆட்சியாளர்கள். இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆசை சில சமயம் நமக்கும் வருகிறது. அவர் இரண்டையும் ஒரே உரையில் சொன்னார் என்பதை மறக்கக் கூடாது.

பழவேற்காட்டில் ஆயுதம் எழாததன் காரணம் இங்கே தெரிகிறது என்று நினைக்கிறோம். பாடு பஞ்சாயத்து, கிராமக் கூட்டம், கூட்டுறவுச் சங்கம், மாவட்ட அலுவலகம், நீதிமன்றம் என ஏதோ ஒரு வாசல் பாதியாவது திறந்தே இருந்தது. அதில் ஒரு வாசலைத் திறந்த கதை வெண்மணியிலிருந்தே வருகிறது. வெண்மணிக்குப் பிறகு அங்கே தங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில், நிலம் வாங்கித் தர உழைத்தவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். பின்னாளில் அதே கீழத்தஞ்சை நிலத்தை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறைப் பகுதியின் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. வெண்மணியின் சாம்பலிலிருந்து கிளம்பிய ஒரு பாதை துப்பாக்கிக்குப் போனது, இன்னொன்று பழவேற்காட்டு ஏரியைக் காக்க வந்தது.

அந்த வாசலும் முழுதாகத் திறந்தபடி இருக்கவில்லை. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. மக்கள் வென்ற வழக்கைச் சட்டமே தோற்கடித்தால், அடுத்த முறை வழக்குப் போடச் சொல்லும் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? தீவிரவாதத்தைத் தடுக்க விரும்புகிறவர்கள் காவல் நிலையத்தைவிட இந்தக் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

விலையைக் கட்டியவர்கள்

இனி இரண்டாவது கேள்வி. துப்பாக்கி பிடிக்காதவர்கள் ஏன் விலை கட்டினார்கள்?

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார், உடன் இருந்த சாதாரண மனிதர்களும் இறந்தார்கள். கொலையாளிகள் கடல்வழியே வந்தவர்கள் என்பதால் தமிழகக் கடற்கரை முழுவதும் சந்தேகத்துக்குரிய இடமாயிற்று. 1994-இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. கடலுக்குப் போகிறவன் யார், என்ன ஏற்றிப் போகிறான் என்ற கேள்வி மீனவன் வாழ்வின் அன்றாடமாயிற்று.

அந்தப் போரின் இன்னொரு விலை, ஏரியிலிருந்து அதிகத் தூரமில்லாத கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறது. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் தலைமுறை கடந்தும் அங்கே வாழ்கிறார்கள். வயலும் வலையும் மாடும் விட்டு வந்தவர்கள், இங்கே வண்ணம் பூசும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். போரை அவர்கள் தொடங்கவில்லை. இனவெறி அரசின் குண்டுக்கும் இயக்கத்தின் ஆணைக்கும் இடையே நின்ற கிராமத்து மக்கள் அவர்கள். இயக்கத்தின் ஆணை எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு 1990 அக்டோபர் சாட்சி. வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் மிகக் குறுகிய கெடுவில் வெளியேற்றினார்கள். அவர்களில் மன்னார்க் கரையின் மீனவர்களும் இருந்தார்கள். விடுதலை கேட்டு எழுந்த துப்பாக்கி, தன்னோடு ஒரே மொழி பேசி ஒரே கடலில் மீன் பிடித்தவரின் வலையைப் பறித்தது. பழவேற்காட்டில் தமிழ் முஸ்லிம்களும் மீனவர்களும் தலித்துகளும் பக்கத்துத் தெருக்களில் வாழ்கிறார்கள். அந்தச் செய்தி இந்தத் தெருக்களுக்கும் ஒரு பாடம்.

பிறகு 2008 நவம்பர் 26. மும்பையைத் தாக்கிய பத்துப் பேரும் கடல்வழியே வந்தார்கள். வழியில் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடி படகைக் கைப்பற்றினார்கள். நகரத்தில் முதல் தோட்டா வெடிக்கும் முன்பே அந்தப் படகில் இருந்த ஐந்து பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள். அந்தத் தாக்குதலின் முதல் பலி மீனவர்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நாட்டுக்கு நினைவில் தங்கியது வேறு: பயங்கரவாதி மீன்பிடி படகில் வருவான் என்பது. விளைவாகக் கடற்கரை நெடுகக் கடலோரக் காவல் நிலையங்கள், விரல்ரேகை பதித்த அடையாள அட்டைகள், படகுக்கு மாநிலவாரியாக நிறம், பயங்கரவாதி வேடத்தில் வருபவரைப் பிடிக்கும் ஒத்திகைகள் எல்லாம் வந்தன. இவற்றில் சில கடலில் காணாமல் போனவரைத் தேடவும் உதவுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் பலியானவனையே சந்தேகத்துக்குரியவனாக மாற்றிய அந்தத் திருப்பத்தைக் கவனியுங்கள்.

நமக்கு இன்னும் ஒரு படி கீழே பார்க்க வேண்டிய கடமை உண்டு. அட்டை யாருக்குக் கிடைக்கிறது? படகுக்கும் பதிவுக்கும் சங்கத்துக்கும் உள்ளே இருப்பவருக்கு. கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்குப் படகு இல்லை, பதிவு செய்ய எதுவும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ‘மீனவர்’ என்ற தலைப்பில் நிவாரணம் வந்தபோது, தமிழகக் கடற்கரை நெடுகத் தலித்துகளும் இருளரும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். கரையில் மீன் சுமந்தவரும் கழிமுகத்தில் நண்டு பிடித்தவரும் தொழிலால் மீனவர்கள், சாதியால் மீனவரல்லாதவர்கள் என்று ஆனார்கள். நிவாரணத்துக்கு ‘மீனவர் இல்லை’ என்று தள்ளப்பட்டவர், பாதுகாப்புச் சோதனையில் ‘அட்டை இல்லாத ஆள்’ என்று நிறுத்தப்படுகிறார். ஒரு சமூகத்தையே பிறப்பால் சந்தேகப் பட்டியலில் வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் போயிற்று. அந்தச் சட்டத்தின் கண் மட்டும் போகவில்லை.

அமைதியாகக் கேட்பவருக்கும் இந்தக் கண்தான். கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரையில் உண்ணாவிரதம் இருந்த மீனவ மக்களில் ஆயிரக்கணக்கானோர்மேல் 2011-க்குப் பிறகு தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. பந்தலில் உட்கார்ந்து பட்டினி கிடப்பவனும் தேசத்துரோகி, குண்டு வைப்பவனும் தேசத்துரோகி என்றால், இளைஞனுக்கு அரசு என்ன சொல்லித்தருகிறது? வாசலை அடைப்பது இப்படித்தான் நடக்கிறது.

நமக்குள் எழும் வாதம்

மாணவத் தோழர்கள் சிலர் எங்களிடம் சொன்ன ஒரு வாதத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. “ஸ்ரீகாகுளத்தில் ஆயுதம் எழுந்த பிறகுதானே ஆந்திர அரசு 1970-இல் பழங்குடி நிலம் மற்றவர் கைக்குப் போவதைத் தடுக்கும் சட்டத்தைக் கடுமையாக்கியது? அடித்தால்தானே காது கேட்கிறது?”

காலவரிசை சரிதான். அரசு பயந்துதான் அசைந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கணக்கை முழுதாகப் போடுவோம். 1970-க்குள் அந்த இயக்கத்தின் தலைவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். மலைக் கிராமங்களில் போலீஸ் முகாம்கள் உட்கார்ந்தன. காட்டுக்குப் போக முடியாதவனுக்குப் புளியும் தேனும் இல்லை, சந்தைக்குப் போக முடியாதவளுக்கு உப்பும் இல்லை. இரவில் வந்தவருக்குச் சோறு போட்டதற்குப் பகலில் அடி, பகலில் வந்தவரிடம் பேசியதற்கு இரவில் தண்டனை என்பதே ஆயுத மோதல் நடக்கும் எந்தக் கிராமத்திலும் ஏழைகளின் நிலை. அறுவடையும் கூலியும் பள்ளிக்கூடமும் முதலில் நிற்கும். சட்டம் வந்தபோது அதைக் கையிலெடுத்து நீதிமன்றம் ஏற வேண்டியவர்களில் பலர் சிறையிலோ மண்ணுக்கு அடியிலோ இருந்தார்கள். வெடிக்கும் துப்பாக்கியின் இரு முனையிலும் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள், ஆயுதம் ஏந்தியவனாகவும் காவலனாகவும். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

இன்னொரு முன்மாதிரி நமக்கு உண்டு. அதுவும் தண்ணீரைப் பற்றியது. 1927 மார்ச் 20 அன்று மகாடு சவ்தார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அன்றே சாதி இந்துக்கள் நம் மக்களைத் தாக்கினார்கள். திருப்பி அடிக்க ஆள் இருந்தும் அவர் அடக்கி வைத்தார். வழக்கு பத்து ஆண்டு நடந்தது, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வென்றார். பொறுமையைப் புகழ இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்து ஆண்டில் அவர் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. குளத்தை எரிப்பது அவர் நோக்கமில்லை, குளத்தில் பங்கு வேண்டும் என்பதே நோக்கம். பங்கு கேட்பவன் குளத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

ஏரியில் பங்கு

பழவேற்காடு மக்கள் இன்றும் இந்த வழியில்தான் நிற்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைக் குப்பங்கள் கூட்டமாகவும் மனுவாகவும் எதிர்த்தன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பில் எல்லாக் கரைகளும் சேர்ந்து நின்றால்தான் ஏரி தப்பும். எல்லாக் கரையும் சேர, எல்லாக் கரைக்கும் ஏரியில் பங்கு இருக்க வேண்டும். குலுக்கலில் சீட்டு இல்லாதவரை ஏரியைக் காக்க வா என்று எந்த முகத்தோடு அழைப்பது?

ஆகவே நம் கோரிக்கைகள் இரு திசையிலும் போகின்றன. அரசிடம் கேட்பது: மீனவர் என்பதைப் பிறந்த சாதியைப் பாராமல் செய்யும் தொழிலை வைத்துப் பதிவு செய்க. கையால் பிடிப்பவருக்கும் பறி வைப்பவருக்கும் பெண்களுக்கும் அட்டையும் நிவாரணமும் தருக. பாதுகாப்பின் பெயரால் கடல் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி கொடு. அமைதியாகக் கூடுபவர்மேல் தேசவிரோதம் சுமத்துவதை நிறுத்து. ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் கேட்பது: பாடு முறையைக் கைவிட வேண்டாம், வேலியைத் தள்ளிப் போடுங்கள். முறை வைத்துப் பகிர்வதில் உங்கள் முன்னோர் காட்டிய அறிவை ஆதிதிராவிடர், இருளர் குடும்பங்களையும் தலைக்கட்டாக எண்ணிக் காட்டுங்கள்.

நம்மிடம் நாமே கேட்பதும் ஒன்று உண்டு. இந்த மன்றத்தின் மாணவர்கள் வரும் ஆண்டில் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்குப் போய், யார் எந்தத் தண்ணீரில், எந்தக் கருவியால், எத்தனை தலைமுறையாகப் பிடிக்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். உரிமை கேட்கும் நாளில் அதிகாரி முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். அந்த ஏட்டில் முதல் பெயர் பறியைப் பல்லில் கவ்வி நிற்கும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். மறைந்த தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

ஜெய் பீம்.